தூக்குமேடையும் சேர்க்கைப் பதிவேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 16, 17 வயதுப் பையன்கள் செய்த கொடுங்குற்றம் ஒன்று செய்தியாகும்போதெல்லாம், வாசகர் கடிதங்களில் ஒரே கோரிக்கை எழுகிறது. வயதைக் காரணம் காட்டி இவர்களைத் தப்பவிடக் கூடாது, பெரியவர்களுக்கு உரிய தூக்குத் தண்டனையை இவர்களுக்கும் விதிக்க வேண்டும், சட்டம் குறுக்கே நின்றால் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதே அது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்தால் எதிர்வாதம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் ஆற அமர யோசித்து எழுதுகிறவர்களும் இதை ஒரு சட்டத்திருத்தத்தில் முடிகிற காரியமாகக் கருதுவதால், இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்த விவகாரத்தில் ஒரு தலைமையாசிரியருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சட்டம். 18 வயதுக்குட்பட்டவரைத் தூக்கிலிடக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் எந்த உறுப்பும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதைச் சொல்வது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மரண தண்டனையும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் எந்தச் சிறாருக்கும் விதிக்கப்படலாகாது என்கிறது அது. இந்தச் சட்டம் எப்போது பிறந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, குற்றவாளிகளில் 17 வயதுடைய ஒருவன் மூன்றாண்டு சிறப்பு இல்லத்தோடு வெளியே வந்தான் என்ற கொதிப்பு அடங்காத நாட்களில், 2015 டிசம்பரில், மாநிலங்களவையில் நிறைவேறியது அது. கொடிய குற்றம் செய்த 16 முதல் 18 வயதுடையவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கலாம் என்ற புதிய வழி அதில்தான் திறக்கப்பட்டது. அவ்வளவு கோபத்திலும், மரண தண்டனையைத் தடுக்கும் 21-ஆம் பிரிவை அதே சட்டத்தில் நாடாளுமன்றம் வைத்தது.

‘நாடாளுமன்றம் போட்ட வேலியை நாடாளுமன்றமே பிடுங்கலாமே’ என்பது அடுத்த கேள்வி. பிடுங்க முடியாது என்பதே என் வாதம். எவர் உயிரையும் சட்டம் நிறுவிய நடைமுறைப்படியன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் உறுப்பு. அந்த நடைமுறை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். கொடூரமான தண்டனைகளைத் தடைசெய்யும் அமெரிக்காவின் எட்டாவது திருத்தம் போன்ற ஒன்று நம்மிடம் இல்லையென்றாலும், வங்கிகள் நாட்டுடைமை தொடர்பான கூப்பர் வழக்குக்கும் மேனகா வழக்குக்கும் பிறகு இங்கேயும் விளைவு அதேதான் என்று எழுதினார். ஆகவே சிறாரைத் தூக்கிலிடுவது அரசமைப்புக்கு உட்பட்டதா என்று பார்க்கப் புகுந்தால், அந்த எட்டாவது திருத்தத்தை வைத்து அமெரிக்க நீதிமன்றம் என்ன செய்தது என்று பார்ப்பது பொருத்தமற்ற வேலையாகாது.

அங்கே அது நேர்கோட்டில் நடந்துவிடவில்லை. குற்றம் செய்தபோது 16 வயது நிரம்பாதவரைத் தூக்கிலிடலாகாது என்று 1988-இல் தாம்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. மறு ஆண்டே, ஸ்டான்ஃபோர்ட் வழக்கில், 16, 17 வயதில் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை விதிப்பது அரசமைப்புக்கு முரணாகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 16 ஆண்டுகள் நின்றது. 2005 மார்ச் 1 அன்று, ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், மறுபடியும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீதிபதி அந்தோணி கென்னடி எழுதிய தீர்ப்பு அதை மாற்றி, 18 வயது என்ற கோட்டைப் போட்டது. அன்று 72 பேர் மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து பிழைத்தார்கள். இடையில் நடந்த இன்னொன்று சட்டப் புத்தகங்களில் அடிக்குறிப்பாக ஒதுங்கிக் கிடக்கிறது. எவருடைய வழக்கில் தூக்குத் தண்டனை செல்லும் என்று 1989-இல் சொல்லப்பட்டதோ, அவருடைய தண்டனையை 2003-இல் கென்டக்கி மாநில ஆளுநரே குறைத்துவிட்டார். தோற்றவர் உயிர் தப்பினார். அந்தத் தோல்வியை முன்னுதாரணமாகக் காட்டிய தீர்ப்புகளில் சிக்கிய வேறு சிலர் தப்பவில்லை.

ரோப்பர் வழக்கின் நிகழ்வுகளை, நம் வாசகர் கடிதக்காரர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ‘சின்னப் பையன் என்று விட்டுவிடுவார்கள் என்பது தெரிந்தேதான் செய்கிறார்கள்’ என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். மிசௌரி மாநிலத்தில் 1993-இல் அந்தக் கொலையைச் செய்த 17 வயதுப் பையன், நாம் வயது குறைந்தவர்கள், தப்பிவிடலாம் என்று தன் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தான். திட்டமிட்டுச் செய்த, குரூரமான கொலை அது. இரக்கத்துக்கு இடம் தராத அப்படி ஒரு வழக்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் அந்த நீதிமன்றம் கோட்டைப் போட்டது. இவன் நல்லவன் என்பதற்காக அல்ல. 17 வயதில் ஒருவன் செய்ததை வைத்து, அவன் இனித் திருந்தவே மாட்டான் என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதற்காக.

தீர்ப்பு மூன்று காரணங்களைச் சொன்னது. முதிர்ச்சியும் பொறுப்புணர்வும் சிறாரிடம் முழுமை பெறவில்லை; சுற்றியிருப்பவர்களின் தூண்டுதலுக்கு அவர்கள் எளிதில் ஆளாகிறார்கள்; அவர்களுடைய குணம் இன்னும் கெட்டிப்படவில்லை. இவற்றில் இரண்டாவதற்கு எனக்கு உளவியல் ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. நான்கு பேராக வகுப்பறைச் சன்னலை உடைத்தவனைத் தனியாக அறைக்கு அழைத்து, எதிரே உட்கார வைத்தால், அங்கே இருப்பது வேறொரு பையன். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்டால், அவனிடம் உண்மையிலேயே பதில் இருக்காது. சன்னல் வேறு, கொலை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தில் துணிவதும் தனியே உடைவதும் இரண்டிலும் ஒன்றுதான்.

சரி தவறு தெரியாத வயதா அது என்று கேட்கிறார்கள். தெரிந்த வயதுதான். அதனால்தான் தண்டனை இருக்கிறது. 16-க்கு மேற்பட்டவர் பெரியவரைப் போல விசாரிக்கப்படவும் வழி இருக்கிறது. அதற்குமுன் அவருடைய மனநிலை, உடல்நிலை, விளைவுகளை உணரும் திறன், குற்றம் நடந்த சூழ்நிலை ஆகியவற்றைச் சிறார் நீதிக் குழுமம் ஆராய வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. ரவுடிக் கூட்டங்கள் சிறுவர்களை ஏவிவிடுகின்றன என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் அதற்கான சட்டம் ஏவியவர்கள் மீது பாய்கிறது: 83-ஆம் பிரிவின்படி, சிறாரைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அம்பை ஒடிக்கச் சொல்கிறவர்கள் எய்தவனுக்குரிய இந்தப் பிரிவைக் கேட்டு எழுதி நான் படித்ததில்லை.

நம் நீதிமன்றமும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. வயது வரம்பைக் குறைக்கக் கோரிய மனுக்களை 2013-இல் சலில் பாலி வழக்கில் தள்ளுபடி செய்தது. 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது சமத்துவத்தைச் சொல்லும் 14-ஆம் உறுப்புக்கு முரணானது, ஒவ்வொருவருடைய மனமுதிர்ச்சியையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும் என்ற வாதம் 2014-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் வைக்கப்பட்டது. அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. இந்த வகைப்பாடு அரசமைப்புக்கு உட்பட்டதே என்றது. புதிய சட்டம் கொண்டுவந்தால் நேற்று நடந்த குற்றத்துக்கும் அது பொருந்தும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குற்றம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலான தண்டனையை யாருக்கும் விதிக்க முடியாது என்கிறது 20-ஆம் உறுப்பு.

அமெரிக்காவைக் குறை சொல்லும் தகுதி நமக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. 1986-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட ஆண்களும் 18 வயதுக்குட்பட்ட பெண்களும்தான் சிறார். அதாவது 17 வயதுப் பையனைத் தூக்கிலிட நம் சட்டமும் இடம் கொடுத்தது. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 1992-இல் ஏற்ற பிறகும் அந்த நிலை நீடித்தது. இருபாலருக்கும் 18 என்றாக்கிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2001 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. வயதை எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது, குற்றம் நடந்த நாளையா, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாளையா என்ற குழப்பமும் இருந்தது. 2000-இல் அர்னித் தாஸ் வழக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாளே கணக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. காவல்துறை பிடிக்கத் தாமதமானால் சிறுவன் பெரியவனாகிவிடுவான் என்பதுதான் அதன் பொருள். குற்றம் நடந்த நாளே கணக்கு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரதாப் சிங் வழக்கில் திருத்தியது 2005 பிப்ரவரியில். ரோப்பர் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னால்.

இவ்வளவையும் எழுதியது, சட்டம் தெளிவாகவே இருக்கிறது என்று காட்டத்தான். இனிச் சொல்லப்போவது, சட்டம் தெளிவாக இருந்தும் நடந்தது.

1994-இல் புனேயில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் கர்ப்பிணி. அந்த வழக்கில் ஒருவருக்கு 1998-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2000-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டின்படி, குற்றம் நடந்த நாளில் அவருக்கு வயது பன்னிரண்டரை. குற்றப்பத்திரிகையில் இருந்த பெயரும் பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயரும் வேறு வேறாக இருந்தன. இரண்டும் ஒருவரே என்று நிறுவப்பட வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனால் இவ்வளவு கொடூரத்தைச் செய்ய முடியுமா என்ற ஐயம் யாருக்கும் எழும். அந்த அதிர்ச்சியை வைத்து வயதை ஊகிக்க முடியாது, ஆவணத்தை வைத்தே முடிவுசெய்ய முடியும் என்று நீதிமன்றம் நின்றது. அதற்குள் அவர் 28 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தார்.

அதே 1994-இல் டேராடூனில் மூவர் கொல்லப்பட்ட வழக்கு இன்னொன்று. அதில் தூக்குத் தண்டனை பெற்றவருக்குக் குற்றம் நடந்தபோது வயது 14. தான் சிறுவன் என்று விசாரணை நீதிமன்றத்திலேயே அவர் சொன்னார். அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததைக் காட்டி, ஆகவே அவர் வயது வந்தவர்தான் என்று முடிவுகட்டினார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, அதற்கும் மேலான க்யூரேட்டிவ் மனு என்று எல்லாக் கதவுகளும் மூடின. 2012-இல் குடியரசுத் தலைவர் தூக்கை ஆயுளாகக் குறைத்து, 60 வயது ஆகும்வரை விடுதலை கூடாது என்று நிபந்தனை விதித்தார். 2025 ஜனவரியில், நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், அரவிந்த் குமார் அமர்வு, நீதிமன்றங்கள் இழைத்த அநீதி இது என்று ஒப்புக்கொண்டு அவரை விடுவித்தது. அதற்குள் சிறையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள். சிறார் என்று முதல் நாளே ஏற்கப்பட்டிருந்தால், இவ்வளவு காலம் அவர் சிறையில் இருந்திருக்க மாட்டார்.

இந்த இருவரையும் தூக்குக்கு அனுப்ப 1986-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் 12, மற்றவர் 14; சட்டத்தின் வரம்பு 16. எந்தத் திருத்தமும் தேவைப்படாமல், எந்த அரசமைப்பு விவாதமும் நடக்காமல், இரண்டு சிறுவர்கள் தூக்குக் கொட்டடி வரை போய்விட்டார்கள். பெரியவர்களைப் போல இவர்களையும் தண்டியுங்கள் என்று எழுதுகிறவர்கள் கேட்பது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

காரணம், அரசமைப்புச் சட்டம் போட்ட கோடு கடைசியில் ஒரு பிறந்த தேதியின் மேல் நிற்கிறது. அந்தத் தேதியை எழுதுகிறவர்கள் நாங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, வயதை நிர்ணயிக்க முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ பார்க்கச் சொல்கிறது. அவை இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம் என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 17 என்று வந்தால் 15-ஆகவும் இருக்கலாம், 19-ஆகவும் இருக்கலாம். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது என்று 2024-இல் சொல்லியாகிவிட்டது. ஆக, எல்லாம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் வந்து முடிகிறது.

அந்தப் பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொடச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்த காலத்தில் வேலைக்கு வந்தவன் நான். பிறந்த தேதி என்ன என்று கேட்டால், ‘நல்ல மழை பெய்த வருஷம், ஐப்பசி’ என்பார் ஒரு தாய். ‘நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், சார்’ என்பார் இன்னொரு தகப்பன். ஜூன் மாதம் ஐந்து வயது நிறைவடையும்படி ஒரு தேதியை எழுதிவிடுவோம். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு மே மாதத்தில் பிறந்தநாள் வருவது எங்களுக்குள் ஒரு வேடிக்கை. பெரும்பாலும் அது பிள்ளையின் வயதைக் கூட்டித்தான் காட்டியது. நாலரை வயதுப் பிள்ளை ஐந்து வயதாகி வகுப்பில் உட்கார்ந்தது. இன்று யோசித்தால், நான் கூட்டிப்போட்ட அந்த ஆறு மாதம், பதினேழரை வயதில் எவனாவது ஒருவனைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியிருக்கக் கூடும். அன்று அப்படி ஒரு கணக்கு என் மனதில் தோன்றியதே இல்லை.

இப்போது பிறப்புப் பதிவு பெரும்பாலும் மருத்துவமனையிலேயே நடந்துவிடுகிறது. 2023 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழையே பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பலவற்றுக்கு ஒரே ஆவணமாகக் கொள்ளலாம் என்றும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சான்று இல்லாத வீட்டிலிருந்தும், ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த குடும்பத்திலிருந்தும், பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டவர்களிலிருந்தும் நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. மிக நல்ல விதி. ஆனால் எழுப்ப வேண்டிய பொறுப்பைக் கொட்டடிக்குள் இருப்பவன் தலையில் விட்டால், அவனுடைய பழைய பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைத் தேடித் தர ஆள் வேண்டும். அதெல்லாம் நடந்து விடுதலை கிடைக்கப் புனே வழக்கில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

எனவே சட்டத்திருத்தம் கேட்டு எழுதும் அன்பர்களுக்கு நான் வேறொரு கோரிக்கையைப் பரிந்துரைக்கிறேன். கைதானவரை முதன்முதலாக நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்போதே, அவர் இளவயதினராகத் தோன்றினால், வயதுக்கான ஆவணத்தைக் கேட்டுப் பதிவுசெய்த பிறகே காவலுக்கு அனுப்ப வேண்டும். விசாரணை நீதிமன்றம் விதிக்கும் எந்தத் தூக்குத் தண்டனையும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்றப்படுவதில்லை. அந்த உறுதிசெய்யும் தீர்ப்பில், குற்றம் நடந்த நாளில் இவருடைய வயது இன்னது, இன்ன ஆவணத்தின்படி என்ற ஒரு பத்தி கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆவணத்தைத் தேடும் வேலை கைதியுடையதாக இல்லாமல் அரசுடையதாக இருக்க வேண்டும். சந்தேகம் தீராதபோது, இரண்டு வயது முன்பின் என்ற அந்த இடைவெளியின் பலன் தூக்குக்கு எதிரான பக்கம் சேர வேண்டும்.

கடைசியாக, எங்கள் துறைக்கு ஒன்று. நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பழைய மாணவர் ஒருவரின் சேர்க்கைப் பதிவைக் கேட்டு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டைத் தேடி, ஒழுகும் கூரையின் கீழ் கட்டிவைத்திருந்த மூட்டைகளை இரண்டு நாள் அவிழ்த்தோம். கிடைத்தது. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. நல்ல வேளையாக அவருடைய பெயர் நடுவில் இருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்படும் பள்ளிகளின், பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும் பள்ளிகளின் பதிவேடுகள் யார் பொறுப்பில், எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகமும் இப்போதே பட்டியலிட்டு, அவற்றைக் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்